வெள்ளைப் பவளம்

மாதம் ஒருமுறை பவளத் தொட்டியைப் பராமரிக்க வரும் ஜெசிந்தா தண்ணீரில் கை விட்டாள், வெதுவெதுவென்றிருந்தது. சீரியல் பார்க்க விடாமல் இரைகிறதாம் என்று, நீரைக் குளிர்விக்கும் பெட்டியை வீட்டுக்கார மகாராசன் தணிகாசலம் அணைத்தே வைத்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் சுண்டுவிரல் நகமளவில் அவள் ஒட்டிவைத்து, கையகலம் வளர்ந்திருந்த பவளம், அந்தச் சூட்டில் உயிர் போய் எலும்பாக வெளுத்துக் கிடந்தது. "என்னா வெள்ளை, பாத்தியாம்மா! வர்றவன்லாம் இதத்தான் போட்டோ புடிக்கிறான்" என்று பூரித்தார் அவர். பிறகு, பச்சையும் ஊதாவுமாக இன்னும் உயிரோடிருந்த மூன்றைக் காட்டி, "இதுங்களையும் இப்படி ஆக்கணும். என்ன மருந்து ஊத்தலாம்?" என்றார். ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மருந்தெல்லாம் எதுக்கு சார்? நீங்க பாத்துக்கிட்டாலே போதும்."