சுவடில்லாப் பள்ளத்தாக்கு

“டெனீஸ், கண்ணைக் கட்டி விட்டாக்கூட அவ வந்துடுவா! அவ என் பொண்ணு. வழி தவற மாட்டா!”

ஆர்லோ போட்ட சத்தம் பாறையில் மோதித் திரும்பி வந்தது. தேடும் குழுவின் தலைவி டெனீஸ் ஜீப்பின் முகப்பில் விரித்திருந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை விடியற்காலையில் தனியாக நடக்கப் போன கோரா இன்னும் திரும்பவில்லை. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு மகள் வராததும்தான் ஆர்லோ பதறிப்போய்த் தேடினார். பள்ளத்தாக்கின் வடக்கு விளிம்பில் அவளுடைய கார் மட்டும் நின்றது. இன்று திங்கள். அவள் கொண்டுபோனது ஒரு பகலுக்கான தண்ணீர்தான்.

“பள்ளத்தாக்கு உள்ள அத்தனை கிளையாப் பிரியுது ஆர்லோ. எந்தக் கிளையில அவ போனான்னு தெரியாம என் ஆளுங்க எங்கன்னு போவாங்க?” என்றாள் டெனீஸ். “சனிக்கிழமை நீங்களும் உள்ளதானே இருந்தீங்க?”

“இருந்தேன். வழக்கம்போலக் குப்பை பொறுக்கத்தான் போனேன். தெற்கு வழியா ஏறி வந்துட்டேன். அவ வடக்கால இறங்கினது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு ஆளைக்கூடப் பாக்கல. மனுஷன் வந்துபோன அடையாளமே இல்லாமத் துடைச்சு வெச்சிட்டுத்தான் வந்தேன்.”

“நீங்க போன இடத்துல பேய்கூடத் தடம் பதிக்காதே” என்றான் பக்கத்தில் நின்ற தொண்டன் ஒருவன். வேறு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து அந்தச் செம்பாறைப் பாலைவனத்தில் ஆர்லோவைத் தெரியாதவர் கிடையாது. ஆரஞ்சுத் தோலை எறிந்துவிட்டுப் போனவனை விடாமல் துரத்திப் பிடித்து, திரும்பக் கூட்டிவந்து பொறுக்க வைத்த மனிதர். ‘வந்தது தெரியாமல் போகணும்’ என்பதுதான் அவருக்கு வேதம். கோரா நடக்கக் கற்றபோதே அவளுக்கு அவர் முதலில் ஓதியதும் அதைத்தான்.

தேடப் போன ஹெலிகாப்டர் மறுபடி வெறுங்கையோடு வந்து இறங்கியது. விமானி தலையை மட்டும் அசைத்தான். இந்த வெயிலில் தண்ணீர் இல்லாமல் ஒரு உடம்பு எவ்வளவு தாங்கும் என்று ஆர்லோவுக்குத் தெரியும். தெரியாமலே இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

அப்போதுதான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மருமகன் ருபெனின் வண்டி வந்து நின்றது. தொலைதூர எண்ணெய்க் கிணற்று வேலையிலிருந்து ராத்திரி முழுக்க ஓட்டி வந்திருந்தான்.

“மாமா, கிடைச்சாளா?”

“இல்லப்பா. எனக்கே புரியல. அவ எப்படி வழி தவறுவா?”

ருபென் தலையைக் குனிந்துகொண்டான்.

“உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா மாமா. அவளுக்குக் கொஞ்ச நாளாவே இந்தப் பாறை இடுக்குல திசை குழம்புது. போன தடவையே தொலைஞ்சுபோய் அழுதுட்டு வந்தா. உங்க பொண்ணாச்சே, வெளிய சொல்லவே அவமானம்.”

“அய்யோ… அப்புறம் எந்த தைரியத்துல தனியாப் போனா?”

“வளைவுக்கு வளைவு கல்லு மேல கல்லு அடுக்கி அடையாளம் வெச்சிட்டுப் போறேன்னா. ‘அப்பா பாத்தா உயிரை எடுத்துடுவாரு, திரும்பி வர்றப்போ நானே கலைச்சிடுவேன்’னு சொன்னா.”

டெனீஸ் சட்டென நிமிர்ந்தாள். “இதை முதல்லயே சொல்லக் கூடாதா!” வயர்லெஸ்ஸைப் பிடுங்கி வாயருகே வைத்தாள். “எல்லாரும் கேளுங்க! அடுக்கின கல்லு எங்கயாவது கண்ணுல படுதா பாருங்க. அதைப் பிடிச்சுக்கிட்டே போனா நேரா அவகிட்டப் போயிடலாம்!”

சுற்றி நின்றவர்கள் முகத்தில் அன்றைக்கு முதன்முறையாக உயிர் வந்தது. ஒருவன் ஓடிப்போய்த் தண்ணீர்க் கேனைத் தோளில் ஏற்றினான். ருபென் மாமனாரைக் கட்டிக்கொண்டு, “கிடைச்சிடுவா மாமா, கிடைச்சிடுவா” என்று தேம்பினான்.

ஆர்லோ அவன் கைகளிலிருந்து நழுவி மணலில் உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமை உள்ளே வளைவுக்கு வளைவு நின்று, எந்த ஊர்ச் சோம்பேறி அடுக்கி வைத்தானோ என்று திட்டிக்கொண்டே, அந்தக் கற்களை ஒன்றுவிடாமல் எட்டி உதைத்துக் கலைத்துவிட்டு வந்தவர் அவர்தான்.