கோடு கோடாய் ஒரு முகம்

ஊரிலிருந்து மச்சான் இன்டர்நெட்டில் ஏற்றியிருந்த குழந்தைப் படம் உள்ள பக்கத்தை, வெல்டரின் புதுப் போன் கோடு கோடாக இறக்கிக்கொண்டிருந்தது. அவன் இன்னும் முகம் பார்க்காத தலைப்பிள்ளை. பட்டறையே வேலையை விட்டுவிட்டு அவனைச் சுற்றி நின்றது.

முதலில் முடி தெரிந்தது.

"உன் சுருட்டை முடியேதான் மாப்ளே!" என்றார் லேத்துக்காரர்.

அடுத்து நெற்றி, மூக்கு.

"மூக்கு உன்னையே உரிச்சு வச்சிருக்குடா. பாவம் பிள்ளை!" என்றார் மேஸ்திரி.

வெல்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்கு ஒரு முத்தம் கொடுத்தான்.

குழந்தையின் வாய்க்குக் கீழே எழுத்துகள் இறங்கின: "படம் திறக்கக் காத்திருந்து அலுத்துவிட்டீர்களா? எங்கள் புதிய போனை வாங்குங்கள்!"

"அடப்பாவி, விளம்பரமாடா இது?" என்றார் மேஸ்திரி.

அதற்கும் கீழே, அவன் பிள்ளையின் தலை மெல்ல எட்டிப் பார்த்தது. இந்தத் தடவை ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.