மூன்று தட்டு

"சளிதான் மச்சான். நீங்க திருப்புங்க."

மாப்பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு இரும்பறைக்குள் போய் உட்கார்ந்தார். மற்றவர்கள் முன்பே ஆற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்ட இறங்கிவிட்டார்கள்.

சளி என்று மேலே சொன்னால் அன்றைய வேலை போச்சு. இரண்டு தடவை சொன்னால் ஆளே போச்சு. அறைக்கு வெளியே நின்று வால்வைத் திருப்பும் கதவுக்காரருக்குத் தெரியாதா என்ன? தங்கை கெஞ்சினாளே என்று அவள் கணவருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

கதவை இறுக்கினார். வால்வைத் திருப்பினார்.

சுரங்கத்தில் தண்ணீர் புகாமலிருக்கக் காற்றை அழுத்தி அடைத்திருக்கிறார்கள். இறங்குகிறவரை முதலில் இந்த அறையில் அந்தக் காற்றுக்குப் பழக்க வேண்டும். தொண்டையிலிருந்து காதுக்கு மெல்லியதாய் ஒரு வழி இருக்கிறதே, அதில் வெளியே போகிற காற்று தானாகப் போய்விடும். உள்ளே வருகிற காற்றுக்குத்தான் எச்சில் விழுங்கித் திறந்துவிட வேண்டும். சளி அடைத்துக்கொண்டால் எத்தனை விழுங்கினாலும் திறக்காது. செவிப்பறை உள்ளே அமுங்கிக் கிழியும்.

அதற்காகத்தான் உள்ளே ஸ்பானர் தொங்குகிறது. வலித்தால் சுவரில் மூன்று தட்டு. கதவுக்காரர் காற்றை நிறுத்தியாக வேண்டும்.

மற்ற கதவுக்காரர்கள் பேப்பர் படிப்பார்கள். இவர் ஜன்னல் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டார். அதில் அவருக்கு நல்ல பெயர்.

இன்று பார்த்து அழுத்தமானியின் முள் சிக்கிக்கொண்டது. அதைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்து நிமிர்ந்தபோது கண்ணாடியில் மாப்பிள்ளையின் முகத்தைக் காணோம்.

காற்றை இறக்கிக் கதவைத் திறந்தார். மாப்பிள்ளை தரையில் கிடந்தார். காதிலிருந்து கழுத்துவரை ரத்தம். கையில் ஸ்பானர். சுவரில் பச்சைப் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. மூன்று இடத்திலா? முப்பது இருக்கும்.

என்ஜினீயர் ஓடிவந்து, தட்டினானா என்று கேட்டார்.

தட்டியிருந்தால் கம்பெனி வைத்தியம் பார்க்கும், கதவுக்காரரை வீட்டுக்கு அனுப்பும். தட்டவில்லையென்றால் மாப்பிள்ளை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் என்று எழுதி முடிக்கும்.

கதவுக்காரர் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"தட்டவேயில்ல சார்."

பாவி மனுஷன்.

மாப்பிள்ளை தலையைத் தூக்கி ஏதோ சொல்ல வாய் திறந்தார். கதவுக்காரர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உதட்டைப் பார்க்காவிட்டால் அவருக்கு ஒரு சொல்லும் கேட்காது. இரண்டு வருடத்துக்கு முன், இதே அறையில், வேலை போய்விடுமே என்று சளியோடு தட்டாமல் உட்கார்ந்திருந்த நாளிலிருந்து.