பம்மல் பேபியின் பின்னல்

"கம்மலைக் கழட்டாதேன்னு சொல்லிகினே இருக்கேன்..."

"என் கம்மல் அண்ணி, நான் கழட்டுவேன்..."

"கழட்டி அடகு வெச்சு எண்ணெய் வாங்குவியா? இன்னாடி பேச்சு இது?"

தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் காலையிலிருந்து இதே சண்டைதான். டைபாய்டு வந்து எழுந்த ஜெயக்கொடிக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியிருந்தது. தை மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். வாரப் பத்திரிகையில் வந்த கூந்தல் எண்ணெய் விளம்பரத்தைக் கிழித்துத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தாள்.

அண்ணி தையல்நாயகி அதைப் பிடுங்கிப் படித்தாள்.

"வெள்ளைக் கோட்டு மாட்டிகினா டாக்டரா? நம்ம தெரு சலூன்காரருகூடத்தான் மாட்டினு கீறாரு. 'கடைசி நூறு பாட்டில் மட்டுமே'ன்னு போன மாசமும் இதே ஆளுதான் போட்டிருந்தான். ஆறு பாட்டில் வாங்கினா சீப்பு இனாமாம். இருந்த முடியும் போனவளுக்குச் சீப்பு இன்னாத்துக்கு?"

ஜெயக்கொடியின் கண் கலங்கியது. "அதெல்லாம் வுடு அண்ணி. இதுக்கு என்ன சொல்றே?"

அவள் விரல் வைத்த இடத்தில் இரண்டு படங்கள். 'உபயோகிக்கும் முன்' என்றதில் மண்டை தெரியும் ஒரு பெண். 'உபயோகித்த பின்' என்றதில் அதே பெண், இடுப்பைத் தாண்டிய பின்னலோடு. கீழே, திருமதி பேபி, பம்மல் என்று தெருப் பெயரோடு முகவரி.

"சவுரி வெச்சு எடுத்திருப்பான்."

"அப்போ வா, போய்ப் பார்க்கலாம். அப்படி ஒருத்தி இல்லேன்னா நான் கம்மலைத் தொடலை."

பஸ் பிடித்துப் போய், பம்மலில் இரண்டு தெரு விசாரித்துக் கதவைத் தட்டினார்கள். திறந்தவள் தலைக்கு முந்தானை போட்டிருந்தாள். விளம்பரத்தில் இருந்த அதே முகம், அதே ஒற்றைக்கல் மூக்குத்தி.

பேபி இருவரையும் உட்காரவைத்து மோர் கொடுத்தாள். அலமாரியில் அதே எண்ணெய், ஆறு பாட்டில், சீல் உடைக்காமல் வரிசையாக இருந்தது.

"பாத்தியா? இன்னும் வாங்கி வெச்சினு கீறாங்க" என்று ஜெயக்கொடி அண்ணியின் காதில் சொன்னாள்.

தையல்நாயகி விளம்பரத்தை நீட்டினாள். "ரெண்டு படமும் நீங்கதானாம்மா? தப்பா நினைக்காதீங்க, சவுரி கிவுரி வெச்சு..."

"ரெண்டும் நான்தான். சவுரி இல்லை, என் சொந்த முடி."

தையல்நாயகி தன் வளையலைக் கழற்றத் தொடங்கினாள். "நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்டி. உன் கம்மல் காதுலயே இருக்கட்டும். இதை வெச்சு ஆறு பாட்டிலும் வாங்கிடலாம்."

பேபி அந்த வளையலையே பார்த்தாள். பிறகு ஜெயக்கொடியின் நெற்றியோரம் விரலால் தடவிப் பார்த்தாள்.

"காய்ச்சல் விட்டு எத்தனை மாசம்?"

"மூணுக்கா."

"புசுபுசுன்னு முளைச்சிருக்கே. தானா வளரும்மா."

"தைக்குள்ள வளரணுமேக்கா. அந்தப் பாட்டில்ல ஒண்ணாச்சும் இப்போ குடுங்களேன்."

பேபி முந்தானையைத் தலையிலிருந்து இறக்கினாள். அங்கே பின்னல் இல்லை. முடியே இல்லை.

"இந்த எண்ணெய் தேய்ச்சு இப்படி ஆயிடுச்சுன்னு கம்பெனிக்குப் புகார் எழுதி, அந்த ரெண்டு படத்தையும் நான்தான்மா அனுப்பினேன், அவங்க முன்னைப் பின்னாவும் பின்னை முன்னாவும் போட்டுட்டு, ஆறு பாட்டில் இனாமா அனுப்பினாங்க."