குன்னூர்ப் பெட்டியின் மந்தம்

பால் கம்பெனியின் கணினி அறையில் ஒரு பெரிய தகவல் பெட்டி இருந்தது. எந்த வீட்டுக்கு எத்தனை பாக்கெட் என்ற பட்டியல் முழுவதும் அதன் வயிற்றில்தான் இருந்தது. நகல் எடுத்து வைக்க அது இரண்டு பெட்டிகளைக் கேட்டது.

“நீங்க ஒரு வரி எழுதினா அப்பவே நானும் எழுதிடுவேன். நான் ‘ஆச்சு’ன்னு சொன்னதும் அடுத்த வரிக்குப் போங்க” என்றது பக்கத்து அறைப் பெட்டி.

“எனக்குத் தூரம். அரை மணிக்கு ஒருதரம் மூட்டை கட்டி அனுப்புங்க, பிரிச்சு எழுதிக்கிறேன்” என்றது குன்னூர்ப் பெட்டி.

சரியான மந்தம் என்று சிரித்தாலும் பெரிய பெட்டி இரண்டையுமே வைத்துக்கொண்டது.

ஒரு மாலை, வீடு மாறிப்போன ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்கப் போன கம்பெனி ஊழியர் தமயந்தி மொத்தப் பட்டியலையும் நீக்கிவிட்டாள். பெரிய பெட்டி பதறுவதற்குள் பக்கத்து அறையிலிருந்து பெருமையாகக் குரல் வந்தது.

“ஆச்சு. நானும் அழிச்சுட்டேன்.”

அந்த அழிப்பும் சேர்ந்த அரை மணி மூட்டை குன்னூருக்குப் போயிருந்தது. பெரிய பெட்டி குன்னூரைக் கூப்பிட்டது. “அண்ணே, கடைசி மூட்டையைப் பிரிச்சுட்டீங்களா?”

“இல்லப்பா, வாசல்லயே கிடக்கு. இதோ, இன்னைக்காவது சீக்கிரமா...”

“வேண்டாம் அண்ணே. நீங்க மெதுவாவே இருங்க.”

குன்னூரில் மிஞ்சிய பழைய பட்டியலின்படி பால் போனது; மறுநாள் காலை ஊர் முழுக்கக் காபி மணத்தது. வீடு மாறிப்போனவரின் காலி வீட்டு வாசலிலும் இரண்டு பாக்கெட் பால் இருந்தது. தெருப் பூனை அதைப் பற்றிப் புகார் எதுவும் சொல்லவில்லை.