சாக்கடையிலிருந்து ஒரு டம்ளர்

சாக்கடைத் தண்ணீரைக் குடிநீராக்கும் இயந்திரத்திலிருந்து பிடித்துக் கொடுத்த டம்ளரை, வெளிநாட்டு விஞ்ஞானி ஒரே மூச்சில் காலி செய்தார். உடனே இரு நாட்டு அமைச்சர்களும் கூட்டு ஆராய்ச்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

விருந்தில் இயந்திரத்தைச் செய்தவருக்குச் சோறு இறங்கவில்லை. கைகழுவும் இடத்தில் விருந்தாளியை மடக்கினார்.

“மனசு கேக்கல சார். மெஷின் நேத்தே படுத்துடுச்சு. நீங்க குடிச்சது நான் உள்ள ஊத்தி வச்ச பாட்டில் தண்ணி.”

“வாயில வச்சதுமே தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் சார் அத்தனை பேர் முன்னால பேசாம இருந்தீங்க?”

விருந்தாளி தலைகுனிந்து, கழுவிய கையையே மறுபடி கழுவினார்.

“போன வருஷம் எங்க லேப்ல, எங்க மெஷின் தண்ணின்னு ரெண்டு டம்ளர் குடிச்சுட்டு என்னைக் கட்டிப்பிடிச்சீங்களே... அதுவும் இதே கம்பெனி பாட்டில்தான்.”