மருமகள் கைச்சோறு

வசந்தாமணி முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு சிட்டிகைப் பொடியைப் புருசன் ரசத்தில் மட்டும் போட்டுக் கலக்கினாள். கதவிடுக்கில் நின்றிருந்த மாமியார் வள்ளியாத்தாள் பார்த்துவிட்டாள்.

"எம்பையனுக்கு மருந்தா வெக்கறே?" என்று முடிச்சில் மிச்சமிருந்த பொடியைப் பிடுங்கிக்கொண்டாள். புருசனைக் கைக்குள் போட்டுக்கொள்ள மருமகள்கள் சோற்றில் வசிய மருந்து வைப்பார்கள் என்பதில் அவளுக்கு எப்போதும் சந்தேகமே கிடையாது.

கணக்கும் ஒத்துப்போனது. கல்யாணமாகி நான்கு மாதம். அந்த நான்கு மாதமாகத்தான் மகன் சென்னியப்பனுக்கு வயிறு உப்பி வலிக்கிறது, தலை பாரமாக இருக்கிறது. மஞ்சள் காட்டிலிருந்து வந்தால், மாட்டுக் கட்டுத்தரையில் இருக்கும் அம்மாவிடம் போய்விட்டுத்தான் சாப்பிட உட்காருவான். அப்படி உட்கார்ந்தாலும் பாதிச் சோறு வட்டிலில் கிடக்கும்.

மறுநாள் மூவரும் நாமகிரிப்பேட்டையில் சேலம் பஸ் ஏறினார்கள். சென்னியப்பனுக்குப் பெரிய டாக்டர் எடுக்கச் சொன்ன பரிசோதனைகளின் முடிவுகள் வரும் நாள் அது. அந்தப் பொடி வசிய மருந்துதான் என்று டாக்டர் சொன்னால், அப்படியே ஆட்டையாம்பட்டிக்குப் போய் மருமகளைப் பிறந்த வீட்டில் விட்டுவிடுவதென்று வள்ளியாத்தாள் முடிவு கட்டியிருந்தாள். தன் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வழி நெடுக அழுதாள் வசந்தாமணி.

வள்ளியாத்தாள் நீட்டிய பொடியை டாக்டர் முகர்ந்து பார்த்துவிட்டு, வறுத்த சீரகம், வயிற்றுக்கு நல்லது என்றார். அத்தை அதையும் தப்பாக நினைப்பாள் என்றுதான் ஒளித்துப் போட்டேன் என்றாள் வசந்தாமணி.

வள்ளியாத்தாள் விடவில்லை. "அப்பறம் ஏனுங்க இவ வந்ததுல இருந்தே இப்படி?"

ரத்தத்திலும் குடலிலும் நோய் எதுவும் இல்லை என்றார் டாக்டர். ஆனால் நோயே இல்லாத சிலருக்கும் கோதுமை ஒத்துக்கொள்ளாமல் இப்படிப் படுத்துமாம். கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டு, வசந்தாமணியிடம் திரும்பி வீட்டில் கோதுமை சமைப்பதுண்டா என்று கேட்டார்.

"நான் வந்ததுல இருந்து அந்த ஊட்டுல கோதுமையக் கண்ணுல பாத்ததில்லீங்க."

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் அவனிடமும் அதையே கேட்டார். அவன் அம்மாவைப் பார்த்தான்.

வள்ளியாத்தாள் மருமகளின் துணிப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இவ சோத்துல மருந்து வெச்சாலும் வயித்துல ஒட்டக் கூடாதுன்னு, தெனமும் கட்டுத்தரையில வெச்சு மொதல்லயே கோதுமைக் கஞ்சி ஊத்தி உட்டது நாந்தானுங்க."